தப்புதான், ஆனா… 'எக்ஸ்டென்யுவேட்டிங்' என்றால் என்ன?

வேப்பம்பட்டில் ரயில் ஏறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்ட் போகும் ஒருவர், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த பதற்றத்தில் 12 நாள் சொல்லாமலே வேலைக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது கையில் மெமோ. பதிலில் என்ன எழுதுவது?

இங்கேதான் 'எக்ஸ்டென்யுவேட்டிங்' என்ற சொல் உதவும். லத்தீன் வேரில் இதற்கு 'மெலிதாக்குவது' என்று பொருள். 'நான் தப்பே பண்ணல' என்றால் அது மறுப்பு. 'தப்புதான், ஆனா என் நிலைமை இப்படி' என்றால், அந்த நிலைமைதான் எக்ஸ்டென்யுவேட்டிங். அதாவது, பழியின் கனத்தைக் குறைக்கும் சூழ்நிலை.

இது கெஞ்சல் அல்ல. 1946-ம் ஆண்டு மத்திய விதிகளின் மாதிரி நிலையாணைப்படி, அனுமதியின்றி 10 நாளுக்கு மேல் வராதது ஒழுங்கீனமாகக் கருதப்பட்டது. ஆனால், தண்டனையை முடிவு செய்யும்போது தவறின் தீவிரம், பழைய ரெக்கார்டு, இத்தகைய சூழ்நிலைகள் மூன்றையும் பார்க்க வேண்டும் என்றும் அதே ஆணை சொன்னது.

எனவே டிஸ்சார்ஜ் சம்மரி, தேதிகள், இதுவரை மெமோ வாங்காத விவரம் எல்லாவற்றையும் பதிலில் சேர்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை: செய்யாத தப்புக்கு இந்த வழி வேண்டாம். 'சூழ்நிலை' என்று எழுதினாலே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். அங்கே நேரடி மறுப்புதான் சரி.