பொது நீரும் பொதுப் பொறுப்பும்

சிங்கப்பூருக்குச் செல்லும் தோட்ட மக்களுள் தேக்காவைக் காணாது திரும்புவோர் மிகச் சிலரே. சிராங்கூன் சாலையில் பூ வாங்குகிறோம், வீரமாகாளியம்மனை வணங்குகிறோம். ஆயினும், அப்பகுதியில் பெய்யும் மழைநீர் எங்கே செல்கின்றது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அருகிலுள்ள ரோச்சோர் கால்வாய் வழியே அது மரினா நீர்த்தேக்கத்தை அடைகின்றது. பின்னர், தூய்மை செய்யப்பட்டுக் குடிநீராகின்றது.

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. எனினும், நீரைத் தேக்கி வைக்க நிலம் போதாது. 1963-ஆம் ஆண்டு வறட்சியின்போது ஏப்ரலில் தொடங்கிய நீர்ப் பங்கீடு 1964 பிப்ரவரி வரை நீடித்தது. மக்கள் வாளிகளுடன் பொதுக் குழாயடியில் வரிசையில் நின்றனர்.

அக்காலத்தில் ஆறுகள் இருந்தும் அவற்றின் நீர் பயன்படவில்லை. பன்றிப் பண்ணைகள், தெருவோரக் கடைகள், கழிவுநீர் வசதியற்ற குடிசைகள் ஆகியவற்றின் கழிவெல்லாம் ஆற்றிலேயே கலந்தது. இதில் எவர் ஒருவரையும் குற்றவாளி எனச் சுட்ட இயலாது. ஒவ்வொருவரும் சிறிதளவே கொட்டினர். ஆறோ முழுவதும் கெட்டது. பொதுச் சொத்து அழிவது பெரும்பாலும் இவ்வாறுதான்.

1977-இல் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் பகுதியையும் தூய்மைப்படுத்தப் பணித்தார். வெறும் தடையுத்தரவால் இப்பணி நிறைவேறவில்லை. தெருவோரக் கடைக்காரர்களுக்கு உணவங்காடிகளில் இடம் தரப்பட்டது. குடிசைவாசிகளுக்கு அடுக்குமாடி வீடுகள் கிடைத்தன. பண்ணைகள் மூடப்பட்டன. தலைமுறைத் தொழிலை இழந்தோரின் துயரையும் நாம் மறத்தலாகாது. அவர்கள் விட்டுக்கொடுத்தமையால் 1987-இல் பணி நிறைவுற்றது. 2008-இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. இன்று அந்நாட்டு நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கின் மழைநீர் அங்கே சேர்கின்றது.

இதில் நமக்கும் பங்குண்டு. 1962-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம். அவ்வுரிமை 2061 வரை நீடிக்கும். தூய்மை செய்த நீரில் ஒரு பகுதி ஜொகூருக்கே திரும்பி வருகின்றது. ஆற்றில் நீர் குறைந்தால் கடலின் உப்புநீர் உட்புகும். அதனைப் பின்தள்ள லிங்கியூ நீர்த்தேக்கத்திலிருந்து நீர் திறந்துவிடப்படுகின்றது. 2016 அக்டோபரில் அத்தேக்கத்தின் நீர் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அப்பொழுது இரு கரையினரும் ஒரே கவலையைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆகவே, ஆற்றோரத் தோட்டங்களில் வாழும் நாம் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும். களைக்கொல்லி தெளித்த கருவிகளை ஓடையில் கழுவுதல் தகாது. குப்பையைக் கால்வாயில் கொட்டுதல் கூடாது. லயத்துக் கால்வாய் அடைத்துக்கொண்டால், 'இது யார் வேலை?' என்று வினவி நிற்காமல் முறை வைத்துத் துப்புரவு செய்வோம். நம்மால் இயலாததை நிருவாகத்திடம் ஒன்றுசேர்ந்து எடுத்துரைப்போம்.

நம் ஓடையில் இன்று விழும் கழிவு, நாளை யாரோ ஒரு தாய் தன் குழந்தைக்கு ஊட்டும் நீரில் கலக்கக்கூடும். கீழே வாழ்வோரை நினைந்து மேலே வாழ்வோர் நடப்பதே கூட்டுறவு.