எஞ்சினைப் பார்த்தீர்கள், ட்ரொலியைப் பார்த்தீர்களா?

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் "எங்காவது கூட்டிப் போங்கள்" என்று பிள்ளைகள் முந்தானையைப் பிடித்து இழுப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கலகெதரப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடுகண்ணாவை தூரமில்லை. நமதூரில் தண்டவாளமே கிடையாது. ஒரு பக்கம் குருநாகல் பாதையும் மறுபக்கம் மாத்தளைப் பாதையும் நம்மை விட்டு விலகிப் போய்விட்டன. அதனால்தானோ என்னவோ, நமது பிள்ளைகளுக்கு ரயில் என்றால் தனி மோகம்.

கடுகண்ணாவை நிலையத்தை ஒட்டித் தேசிய புகையிரத நூதனசாலை இருக்கிறது. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடியது 1864 டிசம்பர் 27இல். அதன் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2014இல் அதே திகதியில் இந்த நூதனசாலையைத் திறந்தார்கள். பழைய எஞ்சின்கள், பெட்டிகள், இயந்திரங்கள், ட்ரொலிகள் என்று அங்கே பார்ப்பதற்கு நிறைய உண்டு.

எங்கள் மத்ரஸா மாணவர்களை ஒரு தடவை அழைத்துப் போனேன். எல்லோரும் எஞ்சினை நோக்கி ஓடினார்கள். ஒரு சிறுவன் மட்டும் ட்ரொலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இதற்கு எஞ்சின் எங்கே ஹஸரத்?" என்று கேட்டான்.

மனிதன்தான் அதற்கு எஞ்சின் என்றேன். அவன் நம்பவில்லை. நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

நான்கு இரும்புச் சக்கரம், மேலே ஒரு பலகை, உட்கார ஓர் ஆசனம். அவ்வளவுதான் அந்தக் கை ட்ரொலி. பாதையைப் பரிசோதிக்கும் அதிகாரி அதில் உட்கார்ந்து வருவார். தொழிலாளர்கள் தண்டவாளத்தின் மேலேயே கால் வைத்து ஓடித் தள்ளுவார்கள். இறக்கம் வந்தால் அவர்களும் தொற்றிக்கொள்வார்கள். ரயில் வரும் நேரமானால் வண்டியையே தூக்கிப் பாதைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். தண்டவாளத்தின் மேல் ஓடிப் பாருங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மாணவர்களுக்கும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்!

ஏன் இத்தனை பாடு? ரம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை சுமார் 20 கிலோமீற்றரில் ரயில் ஏறத்தாழ 1,400 அடி மேலே ஏறுகிறது. 45 அடி முன்னே போனால் ஓரடி ஏற்றம். நீராவிக் காலத்தில் முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னாலிருந்து இன்னொன்று தள்ளியது. கோப்பிக்காகப் போடப்பட்ட இந்தப் பாதை 1867இல் கண்டியை எட்டுமுன் காய்ச்சலிலும் நோயிலும் எத்தனையோ கூலித் தொழிலாளர்கள் மாண்டு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்.

போட்ட பாதை அப்படியே கிடக்குமா? இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 5 அடி 6 அங்குலம் இருக்க வேண்டும். வளைவில் பாரமான சக்கரம் வெளித் தண்டவாளத்தை ஓயாமல் நெருக்கித் தள்ளும். வெயிலில் இரும்பு நீளும். மழையில் மலைத் தண்ணீர் சல்லிக்கு அடியில் தேங்கினால் மண் இளகி, சிலிப்பர் கட்டை தாழ்ந்துவிடும். ஆகவே அலவாங்கு, மண்வெட்டி, பிக்காசு, சுத்தியல், அளவுகோல் இவற்றோடு ஒரு கூட்டம் தமக்கென்று ஒதுக்கிய துண்டுப் பாதையைத் தினமும் பார்த்தாக வேண்டும். தளர்ந்த ஆணியை இறுக்குவது, சல்லியை இடித்து அடைப்பது, கானைத் துப்புரவு செய்வது. கான் அடைத்தால் வீடு என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? வேலை நடக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. ஒரு நாள் நின்றால்தான் எல்லோரும் சத்தம் போடுவார்கள்.

பாதையில் ஆபத்து என்றால் சிவப்புக் கொடி காட்டுவார்கள். கொடி கண்ணுக்குத் தெரியாத பனிமூட்டத்தில் தண்டவாளத்தின் மேல் ஒரு வெடியைக் கட்டி வைப்பதுண்டு. சக்கரம் ஏறியதும் அது பட்டென்று வெடிக்கும்; சாரதி வண்டியை நிறுத்துவார். மாணவர்களுக்கு அன்று மிகவும் பிடித்துப்போன செய்தி இதுதான்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். நாமோ முள்ளொன்றைக் காலால் தள்ளிவிட்டுத் திருப்தியடைகிறோம். ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டே போகும் பாதையில், இரவு மழையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு கல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து நடப்பவரை நினைத்துப் பாருங்கள்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையகப் பாதை பல இடங்களில் மண்சரிவில் சிதைந்தது. சில இடங்களில் அடிமண் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. கண்டியில் எத்தனை வீடுகள் அழிந்தன என்பதை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். அப்போதும் முதலில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது பாதை வேலைக்காரர்கள்தான்.

ஆகவே நூதனசாலைக்குப் போனால் எஞ்சினுக்கு முன்னால் நின்று படம் எடுத்த கையோடு வெளியேறிவிடாதீர்கள். ட்ரொலியையும் காட்டுங்கள். திரும்பும்போது ரயிலில் வந்தால், வண்டி எங்காவது ஊர்ந்து போகும். "ஏன் உம்மா மெதுவாகப் போகிறது?" என்று பிள்ளை கேட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்லுங்கள். அலவாங்கை ஊன்றிக்கொண்டு, வண்டி கடக்கட்டும் என்று நாலைந்து பேர் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். பிள்ளை கையசைத்தால் அவர்களும் அசைப்பார்கள்.