தடுப்பூசிக்கு முன்பே சொல்ல வேண்டியது

பிறந்த சில மாதங்களுக்குள் திரும்பத் திரும்ப நிமோனியா, நிற்காத வயிற்றுப்போக்கு, மருந்து போட்டும் ஆறாத வெள்ளை வாய்ப்புண், ஏறாத எடை. இவை சேர்ந்து வந்தால் ‘சளி பிடித்த உடம்பு’ என்று விட்டுவிடாதீர்கள். எஸ்சிஐடி எனும் பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடாக இருக்கலாம்.

நடப்பது என்ன?

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்கள் உயிரோடிருக்க இடைவிடாத உத்தரவு தேவை. ஐஎல்-7 புரதம் செல்லின் ஏற்பியில் ஒட்டியதும், ஸ்டாட்5 புரதம் உட்கருவுக்குள் சென்று பிசிஎல்-2 மரபணுவை இயக்குகிறது. அதிலிருந்து உருவாகும் புரதமே செல் தன்னை அழித்துக்கொள்ளாமல் தடுக்கிறது. ஏற்பியின் ஒரு பகுதியை உருவாக்கும் ஐஎல்2ஆர்ஜி மரபணுவில் பிழையிருந்தால் உத்தரவு போய்ச் சேராது. டி செல்கள் வளரும்போதே மடிகின்றன. இம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளே பாதிக்கப்படுகிறார்கள். சொந்தத்தில் மணமுடித்த குடும்பங்களில் அதிகம் காணப்படும் வேறு வகைகள் பெண் குழந்தைகளுக்கும் வரும்.

ஆபத்து

பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, ரோட்டா வைரஸ் மருந்து மூன்றிலும் வீரியம் குறைத்த உயிர்க்கிருமிகள் உள்ளன. மற்ற குழந்தைகளுக்கு இவை கவசம், அவசியம் போட வேண்டும். எஸ்சிஐடி குழந்தைக்கோ பிசிஜி கிருமியே உடலெங்கும் பரவலாம். குடும்பத்தில் காரணம் தெரியாமல் கைக்குழந்தை இறந்திருந்தால் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். பரிசோதனை முடியும்வரை இந்த மூன்று மருந்துகளையும் தள்ளிவைக்கலாமா என்று கேளுங்கள். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு செலுத்திய ரத்தமே வேண்டும்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பாருங்கள்

வெள்ளணு 8,000 என்றால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் அதில் டி செல்கள் அடங்கிய லிம்போசைட் வகை 20 சதவீதம் என்றிருந்தால் கணக்கு 1,600தான். கைக்குழந்தைக்கு 3,000-க்குக் கீழே இருந்தால் டி செல்களைத் தனியே எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனை பற்றிக் கேளுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் அறிகுறிகள் தொடர்ந்தால் அப்போதும் கேளுங்கள்.

தீர்வும் உரிமையும்

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை குணமளிக்கும். வட அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை, மூன்றரை மாத வயதுக்குள் இச்சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் 94 சதவீதம். தாமதம் இந்த வாய்ப்பைக் குறைக்கிறது.

தேசிய அரிய நோய்க் கொள்கை 2021-இல் எஸ்சிஐடி இடம்பெற்றுள்ளது. டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பிஜிஐ, மும்பை கேஇஎம் போன்ற சிறப்பு மையங்கள் வழியாக ரூ.50 லட்சம் வரை உதவி கோரலாம். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி; எழுத்து மூலம் கேளுங்கள். நோய் உறுதியானால் மரபணுப் பரிசோதனை முடிவைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கர்ப்பத்திலேயே சோதித்து, குழந்தை பிறக்கும் முன்பே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய அது உதவும்.