ரேம் போட்டால் வீடியோ எடிட்டிங் பறக்குமா? காசு செலவழிக்கும் முன் இதைப் பாருங்க!

முகூர்த்த நாள் முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. "தம்பி, கல்யாண வீடியோ ரெடியா?" என்று பெண் வீட்டிலிருந்து போன் வந்துவிடும். இங்கே கம்ப்யூட்டரிலோ, கலரை மாற்றி, ஒரு பாட்டைச் சேர்த்து, ப்ளே பட்டனைத் தட்டினால் தாலி கட்டும் காட்சி திக்கித் திணறி நிற்கும். சின்ன ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தே சமையல் சேனல் நடத்துபவர்கள், குறும்படம் எடுக்கும் கல்லூரி மாணவர்கள் என எல்லோருக்கும் இந்தத் தலைவலி உண்டு. சர்வீஸ் கடையில் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "ரேம் ஏத்திடுங்க, பறக்கும்!"

உண்மையிலேயே பறக்குமா? சில கம்ப்யூட்டர்களில் பறக்கும். சிலவற்றில் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. உங்களுடையது எந்த ரகம் என்பதை, காசு கொடுக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிடலாம்.

சமையல் மேடைக் கணக்கு

கம்ப்யூட்டரை ஒரு சமையலறையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க் ஸ்டோர் ரூம். பிராசஸர் சமைப்பவர். ரேம் என்பது சாமான்களைப் பரப்பி வைக்கும் மேடை. மேடை சின்னதாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டும். மேடையைப் பெரிதாக்கினால் அந்த ஓட்டம் நிற்கும். ஆனால், தேவையான இடம் ஏற்கெனவே இருந்தால், மேடையை இன்னும் நீட்டுவதால் சமைப்பவரின் கை வேகம் கூடாது.

வீடியோவுக்கு ஏன் இவ்வளவு பெரிய மேடை? 4கே வீடியோவின் ஒரு ஃப்ரேமில் 3840-க்கு 2160 என்ற கணக்கில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால், ஒரு ஃப்ரேமுக்கே 33 எம்.பி. ஆகிறது. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 800 எம்.பி-யைத் தாண்டும். ஃபைலாக இருக்கும்போது வீடியோ சுருக்கப்பட்டிருப்பதால் சிறிதாகத் தெரிகிறது. எடிட் செய்ய விரிக்கும்போதுதான் அதன் உண்மையான அளவு வெளியே வரும். சாஃப்ட்வேர் மொத்த வீடியோவையும் ஒரே நேரத்தில் விரிக்காது, தேவைப்படும் ஃப்ரேம்களை மட்டுமே விரிக்கும். ஆனால் இரண்டு மூன்று லேயர், டைட்டில், எஃபெக்ட் என்று அடுக்க அடுக்க இடம் நிரம்பிக்கொண்டே போகும்.

ரேம் தீர்ந்துபோனால்?

ரேமில் இடம் இல்லாதபோது, விண்டோஸ் அதில் இருப்பதில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்து, தேவைப்படும்போது மறுபடியும் எடுக்கும். பிரச்னை இங்கேதான். சாதாரண டி.டி.ஆர் 4 - 3200 ரேம் ஒன்று நொடிக்கு 25 ஜி.பி. வரை தரக்கூடியது. சாட்டா வகை எஸ்.எஸ்.டி. தருவது சுமார் 500 எம்.பி. பழைய ஹார்டு டிஸ்க்கோ 100 முதல் 150 எம்.பி-தான். கம்ப்யூட்டர் 'ஹேங்க்' ஆவது பல நேரம் இந்த வேக வித்தியாசத்தால்தான்.

அதனால், 8 ஜி.பி. ரேமில் 4கே எடிட் செய்பவர் 16 அல்லது 32-க்குப் போனால் மாற்றம் நன்றாகவே தெரியும். அடோபி பிரீமியர் ப்ரோவுக்கான பரிந்துரையும் எச்.டி. வீடியோவுக்கு 16 ஜி.பி., 4கே-க்கு 32 அல்லது அதற்கு மேல் என்பதுதான்.

ரேம் கைகொடுக்காத இடங்கள்

எடிட் முடிந்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறதா? அது பெரும்பாலும் பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் வேலை. ரேம் போதுமான அளவு இருந்தால், மேலும் சேர்ப்பதால் அந்த நேரம் பெரிதாகக் குறையாது.

இன்னொன்று, வீடியோவின் ஃபார்மட். இப்போதைய பல போன்களும் கேமராக்களும் எச்.265 என்ற முறையில் பதிவு செய்கின்றன. ஃபைல் சிறியதாக இருக்கும். ஆனால் அதை விரிக்க பிராசஸர் நிறைய உழைக்க வேண்டும். பழைய லேப்டாப்பில் இந்த வீடியோ திணறினால், ரேமைக் கூட்டியும் பலன் கிடைக்காமல் போகலாம்.

ஐந்து நிமிட டெஸ்ட்

வழக்கமாக எடிட் செய்யும் ப்ராஜெக்ட்டைத் திறந்து ஓடவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைப் பாருங்கள்.

* மெமரி 90 சதவிகிதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் ஓயாமல் ஓடினால்: ரேம் பற்றாக்குறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கூட்டினால் பலன் உண்டு.
* மெமரி 60, 70 சதவிகிதத்தில் நின்று, சி.பி.யு. 100-ஐத் தொட்டால்: ரேம் வாங்கும் காசு வீண்.
* மெமரியில் இடமிருந்தும் டிஸ்க் மட்டும் 100-ல் நின்றால்: ஹார்டு டிஸ்க்கை எஸ்.எஸ்.டி-யாக மாற்றுவதுதான் முதல் வேலை.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற சாஃப்ட்வேர்கள் ப்ரிவ்யூவுக்காகக் கிடைக்கும் ரேமில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அதனால் மெமரி அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், டிஸ்க்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வாங்குவது என்று முடிவானால்...

மெமரி பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்ற விவரம் இருக்கும். ஒரே ஒரு 8 ஜி.பி. இருந்தால், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜி.பி. போடும்போது இரண்டும் இணைந்து வேலை செய்யும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்களுக்கு இது கூடுதல் லாபம். டி.டி.ஆர் 4 ஸ்லாட்டில் டி.டி.ஆர் 5 பொருந்தாது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். எம்1 முதல் வந்த மேக்புக்குகளில் ரேமைப் பிறகு கூட்டவே முடியாது. அவற்றை வாங்கும்போதே யோசித்து வாங்க வேண்டும்.

விலையையும் பார்க்க வேண்டும். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக வாங்கிக் குவித்ததால், 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகம் முழுக்க எகிறியது. 'எதுக்கும் இருக்கட்டுமே' என்று 64 ஜி.பி. போடுவது நடுத்தரக் குடும்பத்துக்கும் சின்ன ஸ்டுடியோவுக்கும் தேவையில்லாத சுமை.

காசில்லாமல் வேகம்

பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ் இரண்டிலும் 'ப்ராக்ஸி' வசதி இருக்கிறது. 4கே வீடியோவுக்குச் சின்ன அளவில் ஒரு நகல் எடுத்து, அதை வைத்து எடிட் செய்யலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒரிஜினல் வீடியோவே பயன்படும், தரம் குறையாது. ப்ளேபேக் ரெசல்யூஷனைப் பாதியாக்குவது, பிரவுசரில் திறந்து கிடக்கும் டேப்களை மூடுவது, கேஷ் ஃபோல்டரை எஸ்.எஸ்.டி-க்கு மாற்றுவது ஆகியவையும் கைகொடுக்கும்.

போனிலேயே எடிட் செய்பவர்களுக்கும் ஒரு விஷயம். 'எக்ஸ்ட்ரா ரேம்' என்று விளம்பரத்தில் வருவது, போன் ஸ்டோரேஜின் ஒரு பகுதியை ரேம்போல் பயன்படுத்துவதுதான். அது உண்மையான ரேமின் வேகத்துக்கு வராது. போன் வாங்கும்போது, அந்தக் கூடுதல் கணக்கைக் கழித்துவிட்டு, அதில் உண்மையில் எத்தனை ஜி.பி. ரேம் இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.