எல்லா ஒலிக்கும் தோண்ட வேண்டுமா?

உலோகம் தேடும் கருவியோடு அமெரிக்காவின் பழைய பூங்கா ஒன்றில் இறங்கினால், அடிக்கொரு முறை ஒலி எழும்பும். பெரும்பாலும் குப்பைதான். எதைத் தோண்டுவது, எதை விடுவது? இதில் இரு தரப்பினர் உண்டு.

வேண்டாததை ஒதுக்கும் வசதி கருவியிலேயே இருக்கிறது, அது போதும் என்பது ஒரு தரப்பு. இதில் நியாயம் இருக்கிறது. 1964 வரையிலான ஆண்டு பொறித்த அமெரிக்க 10 காசு, 25 காசு நாணயங்களில் 90 விழுக்காடு வெள்ளி உலோகம். அது மின்சாரத்தை நன்கு கடத்துவதால் திரையில் உயர்ந்த எண் தெரியும். இரும்பு ஆணிக்குத் தாழ்ந்த எண். பழைய வெள்ளிக் காசு மட்டும் வேண்டுவோர் உயர்ந்த எண்களை மட்டும் தோண்டி நேரத்தை மிச்சப்படுத்தலாம்.

சிக்கல் தங்கத்தில் வருகிறது. கருவிக்கு விலைமதிப்பு தெரியாது. பொருளின் மின்கடத்தும் திறன், பருமன், வடிவம் மூன்றும் சேர்ந்த விளைவையே அது எண்ணாகக் காட்டுகிறது. சிறிய தங்க மோதிரம், 5 காசு நாணயம், குளிர்பான டின்னிலிருந்து பிய்த்தெறிந்த அலுமினிய வளையம் ஆகியவை ஏறக்குறைய ஒரே எண்களில் வருகின்றன. டின்னிலேயே தங்கிவிடும் திறப்பான் 1975இல் வந்தது. ஆனால் அதற்கு முன் வீசப்பட்ட வளையங்கள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. வளையத்தை ஒதுக்கினால் மோதிரமும் போய்விடும்.

ஆகவே எல்லாவற்றையும் தோண்டு என்பது அடுத்த தரப்பு. புல்தரையில் அப்படிச் செய்தால் பூங்கா பாழாகும், அனுமதியும் பறிபோகும்.

இடத்தைப் பார்த்து முடிவெடுப்பதே சரி. குளிக்கும் கடற்கரையில் மோதிரம் கழன்று விழ வாய்ப்பு அதிகம், மணலைத் தோண்டுவதும் எளிது. அங்கு வளைய ஒலியையும் விடக்கூடாது. பூங்காவிலோ, கருவியின் சுருளை இரு திசைகளில் ஆட்டிப் பார்க்கவேண்டும். எண் மாறாமல் ஒலி தெளிவாக இருந்தால் தோண்டலாம். எண் தாவினால் பெரும்பாலும் குப்பை. ஆனால் ஆணிக்கருகே கிடக்கும் நாணயமும் இப்படி ஏமாற்றும். சிறிய சுருளை மெதுவாக நகர்த்தினால் இரண்டையும் பிரித்தறியலாம். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரே வகை வளையமாக இருக்கக்கூடும். அவற்றிடையே தனித்து நிற்கும் எண்ணைத் தோண்டுவது நல்லது.

தோண்டிய குப்பையைத் திரும்பவும் குழியில் போடாமல் கையோடு எடுத்துச் செல்லவேண்டும். அது மறைத்திருந்த நாணயம் அடுத்த முறை தானாக ஒலி கொடுக்கும்.