நாயின் நன்றியும் மனிதனின் கடனும்

நன்றிக்கு உவமை கூற வேண்டுமானால் நாம் நாயை நினைக்கிறோம். ஒருவனை இழித்துரைக்க வேண்டுமானாலும் நாயின் பெயரையே எடுத்துக்கொள்கிறோம். ஒரே பிராணியின் பெயரைப் புகழுக்கும் ஏச்சுக்கும் இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தும் நாம், அதனோடு நமக்குள்ள உறவு எத்தகையது என்பதைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது நன்று. நாய் மனிதனிடம் நன்றி பாராட்டுவதை எல்லோரும் அறிவர். அதற்கு ஈடாக மனிதன் நாய்க்குச் செய்ய வேண்டிய கடமை யாது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

நாய் ஓநாயின் வழித்தோன்றல். மனிதன் உழவுத் தொழிலை அறிவதற்கு முன்பே, ஆடும் மாடும் குதிரையும் அவன் தொழுவத்திற்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, நாய் அவனுடைய குளிர்காயும் நெருப்பண்டை வந்து படுத்துக்கொண்டது. வேட்டையாடித் திரிந்த மக்கள் எறிந்த எலும்பையும் இறைச்சியையும் நாடி ஓநாய்கள் அவர்களுடைய தங்குமிடங்களை அணுகியிருக்கக்கூடும். அவற்றுள் அச்சம் குறைந்தவையும் சீற்றம் தணிந்தவையும் மனிதனுக்கு அருகே தங்கின. அவற்றின் குட்டிகள் தலைமுறை தலைமுறையாக அவனோடு பழகின. இவ்வாறு காட்டு விலங்கு ஒன்று வீட்டுத் துணையாயிற்று என்று விஞ்ஞானிகள் விளக்குவர்.

இவ்வுறவு வெறும் உபயோகத்தை மட்டும் கருதியதன்று என்பதற்கு ஓர் அரிய சான்று உண்டு. ஜெர்மனி நாட்டில், பான் நகரையடுத்த ஓபர்காஸல் என்னுமிடத்தில், 1914ஆம் ஆண்டு ஒரு பழங்காலப் புதைகுழி கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆடவனும் ஒரு பெண்ணும் கிடத்தப்பட்டிருந்தனர். அவர்களோடு ஒரு நாயும் இருந்தது. அந்நாயின் பற்களைப் பிற்காலத்தில் நுணுகி ஆராய்ந்தவர்கள், அது ஏழு மாதம்கூட நிரம்பாத குட்டி என்றும், ‘டிஸ்டெம்பர்’ என்னும் கொடிய நோய்க்கு ஆளாகிப் பல வாரம் துன்புற்றது என்றும் 2018ஆம் ஆண்டு வெளியிட்டனர். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டி, எவரேனும் நீரும் உணவும் ஊட்டி, உடலைத் துடைத்து, கதகதப்பாகக் காத்திராவிடில் அத்தனை நாள் பிழைத்திருக்க இயலாது. தனக்குப் பயன்படாத காலத்திலும் நாயைப் பேணிய மனிதன் அன்றே இருந்தான் என்பதை அப்பற்கள் சொல்லுகின்றன.

நம் நாட்டிலும் இத்தகைய அடையாளங்கள் பல உள. காசுமீரத்தில் ஸ்ரீநகருக்கு அண்மையில் உள்ள பூர்ஸஹோம் என்னும் புதிய கற்கால ஊரை 1960ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தபோது, மனிதரைப் புதைத்த குழிகள் சிலவற்றில் நாயின் எலும்புகளும் கிடைத்தன. தமிழகத்தில் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர் துறந்த ஒரு வீரனுக்காக நட்ட கல் அது. அவ்வீரனோடு அவனுடைய நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்பதையும் கல்வெட்டு மறவாமல் குறிப்பிடுகிறது.

கன்னட நாட்டு ஆதக்கூர்க் கல்வெட்டு இதனினும் வியப்பைத் தருவது. 949ஆம் ஆண்டு தக்கோலத்தில் சோழர் படையோடு நிகழ்ந்த பெரும் போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனை நோக்கி, ‘வேண்டுவதைக் கேள்’ என்றான் அவனுடைய தலைவனாகிய கங்க மன்னன் பூதுகன். பொன்னையோ பதவியையோ கேட்காமல், காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றுக்கொண்டான் அவ்வீரன். பின்னர் ஒருநாள் அந்நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருதது. நாயும் பன்றியும் ஒருங்கே மடிந்தன. காளியின் நினைவாக ஆதக்கூர்க் கோயிலின் முன் கல் நாட்டி, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். வளர்த்த நாய் இறந்தால் வருந்துகிறவரை ‘ஒரு நாய்க்காகவா இவ்வளவு துயரம்?’ என்று இக்காலத்தில் நகைப்பவர் உண்டு. வாளேந்திய வீரனே அத்துயரத்தை மறைக்க வேண்டியதாகக் கருதவில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

இப்பிணைப்பின் உடற்காரணத்தையும் விஞ்ஞானம் ஓரளவு கண்டறிந்துள்ளது. தாய் தன் மகவை நோக்கும்போது அவள் உடலில் ஆக்ஸிடாசின் என்னும் ஹார்மோன் பெருகுகிறது. பாசத்தை வளர்ப்பதில் அதற்குப் பங்கு உண்டு. நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் நோக்கியிருந்தபோது இருவர் உடலிலும் அதே ஹார்மோன் மிகுந்ததை, ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2015ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இவ்விளைவு காணப்படவில்லை. ஆகவே, நாய் நம் முகத்தை அண்ணாந்து பார்ப்பது சோற்றுக்கான ஏக்கம் மட்டும் அன்று. பல்லாயிரம் ஆண்டுப் பழக்கத்தால் அதன் இயல்பிலேயே ஊறிய ஓர் உறவு அது.

இனி, நம்முடைய கடமைக்கு வருவோம். குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் மூன்று மாதம் வரையிலான காலமே அதன் குணம் உருவாகும் பருவம். அக்காலத்தில் மனிதரின் கையும் குரலும் பழகிய குட்டி, பிற்காலத்தில் அச்சமின்றி வாழும். எட்டு வாரம் நிறைவதற்குள் தாயிடமிருந்து குட்டியைப் பிரித்தல் கூடாது. இரவும் பகலும் சங்கிலியில் கட்டி வைத்த நாய் நல்ல காவல் நாயாகும் என்று எண்ணுவதும் தவறு. அது அச்சமும் சினமும் மிகுந்து, வேண்டியவரையும் கடிக்க முற்படும்.

நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாவைத் தொங்கவிட்டு இளைத்தே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்ளுகிறது. ஆதலின், கோடையில் நிழலும் குளிர்ந்த நீரும் அதற்கு உயிர் போன்றவை. பனி நாட்டுக்கு உரிய அடர்ந்த மயிருள்ள சாதிகளை அழகுக்காக வாங்கி, நம் நாட்டு வெயிலில் வாட்டுவது அன்பாகாது. இராஜபாளையம், முதோல், ராம்பூர் முதலிய நம் நாட்டுச் சாதிகளைச் சிறப்பித்து இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் தபால் தலைகள் வெளியிட்டிருக்கிறது. அவை இம்மண்ணிலேயே வளர்ந்தவை என்பதை நாய் வளர்க்க விழைவோர் நினைவிற் கொள்வது நலம். ஓபர்காஸல் குட்டியை வருத்திய நோய்க்கு இன்று தடுப்பூசி உண்டு. உரிய வயதில் கால்நடை மருத்துவரிடம் அதைப் போட்டுக்கொண்டால் போதும்.

மற்றொரு தடுப்பூசி நாயை மட்டுமன்றி நம்மையும் காப்பது. வெறிநோய் கண்ட மனிதர் பிழைப்பது மிக மிக அரிது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் மடிவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அது நாய்க்கடியால் வந்தது. ஆனால் இது முற்றிலும் தடுக்கக்கூடிய நோய். பாஸ்டர் 1885ஆம் ஆண்டு ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக மருந்து செலுத்தி வழிகாட்டினார். நம் குன்னூரில் 1907ஆம் ஆண்டு முதலே இதற்கென ஒரு நிலையம் பணியாற்றி வருகிறது. முற்காலத்தில் வயிற்றில் பல நாள் குத்திய ஊசிக்கு அஞ்சியோர் பலர். இக்காலத்து மருந்தைக் கையிலேயே சில தவணைகளில் போட்டுக்கொள்ளலாம்.

நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தை உடனே ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் நன்கு கழுவுதல் வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி முதலியவற்றை அப்புதல் கூடாது. தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். கடித்தது வீட்டு நாய்தானே என்று வாளாவிருத்தல் ஆகாது. சிறுவர்கள் ஏச்சுக்கு அஞ்சிக் கடியை மறைப்பதுண்டு. ஆதலால் அவர்களைக் கடிந்துகொள்ளாமல் கேட்டறிதல் பெற்றோர் கடமை. ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு 70 விழுக்காட்டிற்கு இடைவிடாது தடுப்பூசி போட்டுவந்தால், நோய் பரவும் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு.

இறுதியாக ஒன்று. நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. குட்டியாக இருக்கையில் கொஞ்சுவதற்கு வீட்டில் அனைவரும் உண்டு. கண் மங்கி, மயிர் உதிர்ந்து, படியேற மாட்டாமல் அது தள்ளாடும்போதுதான் வளர்த்தவரின் அன்பு சோதனைக்கு உள்ளாகிறது. வீடு மாறும்போதும், நோய் கண்டபோதும், நாயைத் தொலைதூரத் தெருவில் இறக்கிவிட்டு வருவோர் உளர். வண்டி சென்ற திசையை நோக்கி அது அங்கேயே காத்துக்கிடக்கும். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் அறிந்தோ அறியாமலோ இச்செயலைச் செய்பவர், தம்மை மட்டுமே நம்பிய ஓர் உயிரை ஏமாற்றுகிறார்.

ஆகையால், குட்டியொன்றை வீட்டுக்குக் கொணருமுன், அதன் முதுமையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள நம்மால் இயலுமா என்று குடும்பத்தார் கலந்து பேசுதல் வேண்டும். இயலும் எனில் தாராளமாக வளர்க்கலாம். அவ்வீட்டுக் குழந்தைகள் பொறுப்பையும் இரக்கத்தையும் ஏட்டில் படியாமலே கற்றுக்கொள்வார்கள். இயலாது எனில், வளர்க்காமல் இருப்பதே நாய்க்கு நாம் செய்யும் உதவியாகும். நன்றி என்னும் குணத்தை நாயிடம் கண்டு மெச்சும் நாம், அதனிடம் அக்குணத்தை நாமும் காட்டுவது நியாயந்தானே?