தீயில் கூடும் சுருதி

பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களிலே காமன் கூத்தும் இழவும் தப்பொலியோடுதான் நடந்து வந்தன. விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் ஒரு காலத்தில் அவ்வொலியே.

தப்பின் அமைப்பு எளிது. மரத்துண்டுகளைப் பொருத்தி வட்டச் சட்டம் செய்வர். பதமாக்கிய கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் அதன்மேல் இழுத்து ஒட்டுவர். ஈரத்தை உறிஞ்சினால் தோல் தளரும். ஆகவே ஊவாவின் மழையும் பனியும் அதற்குப் பகை. வாசிக்குமுன் நெருப்பிற் காட்டுவர். ஈரம் நீங்கத் தோல் இறுகும், சுருதி உயரும். எவ்வளவு காய்ச்சினாற் போதும் என்பதைச் செவியே தீர்மானிக்கும்.

மேனாட்டு மின்கிதாருக்குப் பிக்கப் என்னும் உறுப்பைக் கையாற் செய்வோரும் செவியையே நம்புகின்றனர். ஆயினும், காந்தத்தைச் சூழ மயிரினும் மெல்லிய செப்புக்கம்பியை ஏறத்தாழ 8,000 சுற்றுச் சுற்றி, அக்கணக்கையும் மின்தடையையும் குறித்து வைக்கின்றனர். தப்பின் அளவுகளோ பெரும்பாலும் செய்தவரின் செவியோடே நின்றுவிட்டன. அது கலையின் குறையன்று. தோலைத் தொட்ட கையைத் தாழ்வென ஒதுக்கிய சாதிச் செருக்கின் குறை.

செயற்கைத் தோல் புகுந்துவிட்ட இந்நாளில், அக்கலைஞர் சொல்லக் கேட்டு எழுதிவைத்தல் ஆசிரியர், மாணவர் கடனாகும். எழுதும் ஏட்டின் முதற்பக்கத்தில் அவர் பெயர் இருக்கட்டும்.